முதல் பக்கத்துக்கு வந்த ஜாடி

"தை மாசம் முடியறதுக்குள்ள நம்ம கம்பெனி கூகுள்ல மொதல் பக்கத்துக்கு வரணும். வரலைன்னா ஜாடிச் சூளையை அணைச்சுட்டு, ஷெட்டை உரக் குடோனுக்கு வுட்டுடப் போறேன்."

ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவே, பழமலைநாதன் இப்படி ஒரு சபதம் எடுத்தார். சபதம் எடுக்கும்போது வலது கையை உயர்த்துவதுதான் முறை. அந்தக் கையில் சாம்பார் இருந்ததால் இடது கையை உயர்த்தினார்.

அவர் மனைவி செல்வநாயகி, உயர்ந்த கை இறங்கும்போது தட்டிவிடாமல் இருக்க சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"இப்ப எத்தனாவது பக்கத்துல இருக்குது?"

"ஏழாவது."

"ஏழாவது பக்கம் வரைக்கும் யாருங்க பொரட்டிப் பாப்பாங்க?"

"நான் பாத்தேன் இல்ல."

செல்வநாயகி நான்காவது இட்லியை வைத்தாள். பழமலைநாதன் அதைத் தொடவில்லை. நான்காவது இட்லியை அவர் தொடாமல் எழுந்தால் வீட்டில் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

பெரிய விஷயம்தான். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு ஷெட்டும் ஒரு சூளையும் உண்டு. இருபத்தாறு வருஷமாக ஊறுகாய் ஜாடி செய்கிறார். தோள் வரைக்கும் பழுப்பு, அதற்குக் கீழே பால் வெள்ளை. அந்த ஜாடியில் போட்ட மாவடு அடுத்த மாவடு வரும்வரை கெடாது என்பது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரை எல்லாச் சமையலறைக்கும் தெரியும். அதைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. வழக்கமாக வாங்கும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போய்விட்டார்கள். ஷெட்டில் ஜாடிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி நின்றன. சூளை அணைந்தால் வீராயிக்கும் அவளோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களுக்கும் வேலை இல்லை. வீராயி இருபது வருஷமாக அங்கேதான் ஜாடிக்கு மெருகுப் பூச்சு போடுகிறாள். அவளிடம் போய் "நாளையிலேருந்து வராத" என்று சொல்ல பழமலைநாதனால் முடியாது. இதை அவர் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாகத்தான் சபதம் எடுத்தார்.

வெப்சைட்டும் சாதாரண வெப்சைட் அல்ல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் சந்திரலேகா என்று ஒரு பெண் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். கம்மாபுரத்துப் பெண். சென்னைக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவள். சித்திரை மாசம் பழமலைநாதன் அவளிடம் போய் உட்கார்ந்தபோது, அவள் ஒரு தாளை எடுத்து நாலு கட்டம் போட்டுக் காட்டினாள்.

"ஐயா, ஜாடி போட்டோ, அளவு, வெலை, ஃபோன் நம்பர். இது நாலும் மேலயே தெரிஞ்சா போதும்."

"அது மளிகைக் கடை போர்டும்மா. நான் கேக்கறது வெப்சைட்டு."

பிறகு அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். முதலில் இரண்டு தங்கக் கதவுகள். அவை மெதுவாகத் திறக்க வேண்டும். திறக்கும்போது நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். திறந்ததும் பட்டு வேட்டியில் பழமலைநாதனின் முழு உருவப் படம். அடுத்து எட்டுப் பத்தியில் வரவேற்புரை. பார்ப்பவர் விரலை எங்கே வைத்தாலும் மத்தாப்பு சிதற வேண்டும். நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து பெயர், ஃபோன் நம்பர், ஜென்ம நட்சத்திரம் மூன்றையும் கேட்க வேண்டும்.

"நட்சத்திரம் எதுக்குங்க ஐயா?"

"வாடிக்கையாளர் பேர்ல அர்ச்சனை பண்ணலாம் இல்ல?"

ஜாடியும் இருந்தது. வரவேற்புரைக்குக் கீழே, நிறுவனத்தின் நோக்கத்துக்குக் கீழே, குலதெய்வத்தின் படத்துக்குக் கீழே, வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இருந்தது.

"இவ்ளோ பாரத்தை ஏத்தினா, ஃபோன்ல தொறக்க அரை நிமிஷத்துக்கு மேல ஆவும் ஐயா," என்றாள் சந்திரலேகா.

"ஆவட்டுமே. கோயில்ல வரிசையில நிக்கறாங்க இல்ல?"

சந்திரலேகா எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

சபதம் எடுத்த அன்றே பழமலைநாதன் படை திரட்டினார். குடும்ப வாட்ஸப் குழுவில் அறுபத்து நாலு பேர். தினமும் காலையில் எல்லாரும் 'விருத்தாசலம் ஊறுகாய் ஜாடி' என்று கூகுளில் தேட வேண்டும், நம் பக்கத்தைக் கண்டுபிடித்து உள்ளே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூட்டம் இருக்கிற கடைக்குத்தானே கூட்டம் வரும் என்பது அவர் கணக்கு. சொந்தக்காரர்களும் தட்டாமல் செய்தார்கள். தூத்துக்குடியில் இருந்த சின்ன மாமா பல் விளக்குவதற்கு முன்னால் செய்தார்.

ஒரு மாசம் கழித்துப் பார்த்தால், ஏழாவது பக்கத்தில் இருந்த கம்பெனி ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது.

பழமலைநாதன் ஜெராக்ஸ் கடை மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். சந்திரலேகா கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்க சொந்தக்காரங்க வராங்க ஐயா. கதவு தொறக்கறதுக்குள்ள பொறுமை போயி திரும்பிப் போயிடறாங்க. சராசரியா நாலு செகண்டு நிக்கறாங்க."

"நாலு செகண்டுல பாதிக் கதவுகூட தொறந்திருக்காதே."

"கதவே வந்திருக்காது ஐயா. வெறும் வெள்ளையாத்தான் தெரிஞ்சிருக்கும்."

"அதுக்கும் நான் பின்னாடி போனதுக்கும் என்னா சம்பந்தம்?"

சந்திரலேகா பொறுமையாகச் சொன்னாள். "கூகுளோட கணக்கு முழுசா யாருக்கும் தெரியாதுங்க. ஆனா அவங்களே வெளியில சொல்லியிருக்கறது சிலது இருக்குது. பக்கம் சீக்கிரம் தொறக்குதா, ஃபோன்ல படிக்க முடியுதா, தொடப் போற எடம் தொடறதுக்குள்ள நகந்து போவுதா, பெட்டி ஏதாவது வந்து மூஞ்சியை மறைக்குதா, இதெல்லாம் பாக்கறாங்க. எல்லாத்துக்கும் மேல, தேடி வந்தவங்களுக்கு வேணும்கறது அங்க இருக்குதான்னு பாக்கறாங்க."

"எல்லாந்தான் இருக்குதே."

"ஜாடி தேடி வராங்க ஐயா. அங்க நீங்க இருக்கீங்க."

பழமலைநாதன் எழுந்து நின்றார். "என் தளத்துல ஒரு எழுத்தைக்கூட எடுக்கக் கூடாது. ஒரு மத்தாப்பைக்கூட அணைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது படிகளை ஒவ்வொன்றாக இறங்கினார்.

நேரே ஷெட்டுக்கு வந்தார். சாப்பாட்டு நேரம். செல்வநாயகி வீட்டிலிருந்து குழம்பு கொண்டுவந்திருந்தாள். சூளைக்குப் பக்கத்தில் வீராயி ஒரு ஜாடியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்க, செல்வநாயகி தன் ஃபோனை அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழமலைநாதன் அடுக்கிவைத்த ஜாடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று நிற்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"வீராயி, நீ ஒரு ரெண்டு லிட்டர் ஜாடி வாங்கணும். இதுல பாத்து வாங்கு," என்றாள் செல்வநாயகி.

"நான் எதுக்கும்மா வாங்கணும்? நான் செஞ்ச ஜாடிதானே."

"வெளையாட்டுக்கு வாங்கு."

வீராயி ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

"ஒண்ணுமே வரலையே."

"கொஞ்சம் இரு."

"ஆங், கதவு வருது. யாரோ ஊதறாங்க. யாரு வூட்டுக் கல்யாணம்?"

"நம்மளதுதான். பாரு."

"மொதலாளி வராரு. நல்லா இருக்காரு. ஜாடி எங்கம்மா?"

"மேல ஜாடின்னு எழுதியிருக்கும், தொடு."

வீராயி விரலை வைத்தாள். அவள் விரல் போய்ச் சேர்வதற்குள் மேலே இன்னொரு படம் வந்து நிறைந்து, எழுத்து கீழே தள்ளிப் போனது. விரல் பட்ட இடத்தில் 'எங்கள் நிறுவனர்' என்றிருந்தது.

"திருப்பியும் மொதலாளி வராரு."

"இன்னொரு தடவை தொடு."

"தொட்டுட்டேன். திருப்பியும் அவருதாம்மா. இந்தத் தடவை கும்புடறாரு." வீராயி மூன்றாவது முறையும் தொட்டாள். பெட்டி ஒன்று குதித்து வந்து திரையை மூடியது. "நட்சத்திரம் கேக்குது. எனக்கு எந்த நட்சத்திரம்னு எங்க அம்மாவுக்கே தெரியாது. அது தெரியலைன்னா ஜாடி தர மாட்டாங்களா?"

வீராயி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே, "ஜாடி விக்கலைன்னு மொதலாளி மொவம் வாடிக் கெடக்குதுன்னு பாத்தேன். நானே இத்தினி தடவை தொட்டும் கெடைக்கலையேம்மா," என்றாள். அவள் குறை சொல்லவில்லை. கவலைப்பட்டாள். அதனால்தான் ஜாடிக்குப் பின்னால் நின்றவருக்கு அதிகமாகக் குத்தியது.

"வீராயி விரலு தடிச்ச விரலு," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கே அது சரியாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் செல்வநாயகி வெங்காய பஜ்ஜி போட்டாள். மழை இல்லாத நாளில் வீட்டில் பஜ்ஜி போட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பழமலைநாதனின் முப்பது வருஷ அனுபவம். அவள் பல வருஷம் எதையும் ஜாடையாகத்தான் சொல்லிப் பார்த்தாள். ஜாடி செய்கிறவருக்கு ஜாடை புரியாது என்று தெரிந்துகொண்ட பிறகு பஜ்ஜிக்கு மாறியிருந்தாள். ஆனால் பஜ்ஜி சூடாக இருந்தது. ஜாக்கிரதை இரண்டாவது பஜ்ஜியோடு போய்விட்டது.

"என்னாங்க, அந்தப் பொண்ணு கதவை எடுக்கச் சொல்லுச்சாமே?"

"எடுக்க மாட்டேன்னுட்டேன்."

"நல்லா சொன்னீங்க. அவ்ளோ அழகான கதவு. கண்டவங்களும் வந்து தள்ளிக்கிட்டுப் போறதுக்கா வெச்சோம்?"

பழமலைநாதன் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பொறுமை இருக்கறவங்க அந்த வழியா வரட்டும்ங்க. பொறுமை இல்லாத ஜனம் இருக்குது பாருங்க, பஸ்ஸுல நின்னுக்கிட்டே ஃபோன் பாக்கற ஜனம். அதுங்களுக்கு சைடுல சின்னதா ஒரு வழி வுட்டா என்ன? வூட்டுக்குப் பின்கட்டு இருக்கற மாதிரி."

பழமலைநாதன் யோசித்தார். பெரிய மனிதர்கள் வீட்டில் பின்கட்டு இருப்பது இயல்புதான்.

"வுடலாம். ஆனா சில கண்டிஷன் இருக்குது."

"சொல்லுங்க."

"அந்தப் பின்கட்டுல என் போட்டோ வரக் கூடாது. அது மரியாதை இல்லை."

"கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்குது. சரிங்க."

"என் வரவேற்புரையும் அங்க வரக் கூடாது."

"ஒரு பத்தியாவது..."

"கூடவே கூடாது. நாதஸ்வரம், மத்தாப்பு, நட்சத்திரம் கேக்கற பெட்டி, எதுவும் அந்தப் பக்கம் போவக் கூடாது. எல்லாம் பெரிய வாசலுக்குத்தான்."

"நீங்க சொன்னா சரிங்க," என்று செல்வநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று பழமலைநாதனுக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் தட்டில் தானே ஒரு பஜ்ஜி எடுத்து வைத்தார்.

"கடைசியா ஒண்ணு. பெரிய வாசலு நான் எப்பப் பாத்தாலும் அப்படியே இருக்கணும்."

"நீங்க எப்பப் பாத்தாலும் அப்படியே இருக்கும்ங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் செல்வநாயகி.

இரண்டு நாள் கழித்து, ஃபோன் சூடாகிறது என்று அவருடைய ஃபோனை வாங்கிக்கொண்டு போய்ச் சந்திரலேகாவிடம் காட்டிவிட்டு வந்தாள். திரையில் குட்டியாக ஒரு தங்கக் கதவு ஒட்டியிருந்தது. தொட்டால் நேரே கதவு வந்தது. அன்றிலிருந்து பழமலைநாதன் கூகுளில் எத்தனாவது இடம் என்று வரிசையை மட்டும் எண்ணிப் பார்ப்பார். உள்ளே போவதென்றால் அவருக்குத் தங்கக் கதவு இருந்தது.

புரட்டாசியும் ஐப்பசியும் நல்லபடியாகப் போயின. வீட்டில் ஒரு ஆச்சரியம் நடந்தது. செல்வநாயகி அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி மாட்டியதும் ஒரு கேள்வியோடு வந்து உட்காருவாள்.

"ஏங்க, அஞ்சு கிலோ மாங்காய்க்கு எத்தினி லிட்டர் ஜாடி வேணும்?"

"புது ஜாடியை வாங்கினதும் எப்பிடிக் கழுவணும்?"

"சில ஜாடியில வெளிப்பக்கம் உப்பு பூத்துப் போவுதே, அது ஏன்?"

பழமலைநாதன் சொன்னார். உப்பு பூப்பது ஏன் என்பதை மட்டும் இரண்டு சாயங்காலம் சொன்னார். மண் சரியாக வேகாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளிருந்து கசிந்து வெளியே வந்து காய்ந்துவிடும், நம் சூளையில் அதனால்தான் அவசரப்படுவதில்லை என்றார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்து நல்ல ஜாடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று, அடுப்படியில் இருந்த ஜாடிகளை எல்லாம் தட்டிக் காட்டினார். ஜாடியைக் கழுவிய பிறகு வெயிலில் காயவைக்காமல் ஊறுகாய் போடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. செல்வநாயகி ஃபோனைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் யாரும் தன் பேச்சை இப்படிக் கேட்டதில்லை என்று பழமலைநாதனுக்குத் தோன்றியது. ஒருநாள் கோயிலில் பழமலைநாதர் சன்னிதியில் நிற்கும்போது, சூளையைப் பற்றி வேண்டிக்கொள்ளப் போனவர், அதை மறந்துவிட்டு மனைவிக்காக நன்றி சொல்லிவிட்டு வந்தார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் சூளை ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. சாமிக்குத் தெரியாதா என்று வந்துவிட்டார்.

கார்த்திகை முடியும்போது செல்வநாயகியின் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் ஓசூரில் இருந்து ஒரு அம்மாள். அப்புறம் மதுரையில் இருந்து ஊறுகாய் போட்டு விற்கிற ஒரு குடும்பம். மார்கழியில் ஷெட்டுக்கு உள்ளே நடக்க இடம் கிடைத்தது. வீராயி, "மொதலாளி, பூச்சு வேலைக்கு இன்னும் ரெண்டு ஆளு சேத்துக்கலாமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவர் அவளை மறுபடி ஒருமுறை கேட்கச் சொல்லிக் கேட்டார்.

தை பதினெட்டாம் தேதி பழமலைநாதன் கூகுளைத் திறந்தார். ஒன்பதாவது பக்கத்துக்குப் போனார். இல்லை. ஏழுக்கு வந்தார். இல்லை. ஐந்து, நாலு, மூன்று. பக்கம் குறையக் குறைய அவருக்குப் பயம் வந்தது. கம்பெனியையே எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தார். முதல் பக்கத்தில், மேலிருந்து மூன்றாவதாக, அவர் கம்பெனி இருந்தது.

"செல்வி," என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். "வந்துடுச்சா?" என்றாள். வெகு நாளாக எதிர்பார்த்த பஸ் வந்த மாதிரி.

"கதவு ஜெயிச்சுடுச்சு பாத்தியா?"

"ஆமாங்க. கதவு நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

செய்தி தொழிற்பேட்டை முழுக்கப் பரவியது. பழமலைநாதனே பரப்பினார். மாசி மகம் முடிந்த வாரம், பீங்கான் தொழில் செய்வோர் சங்கத்தின் தலைவர் ராஜமாணிக்கம் வீட்டுக்கே வந்தார். ராஜமாணிக்கத்துக்கு மின்சார ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி. "அண்ணே, சங்கக் கூட்டத்துல நீங்க பேசணும். தேடுனா மொதல்ல வர்றது எப்பிடின்னு எங்களுக்கும் சொல்லுங்க," என்றார். பழமலைநாதன் மூன்று நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். அதில் ஒன்பது பக்கம் கதவைப் பற்றியது.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். செல்வநாயகியும் சந்திரலேகாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வீராயியையும் செல்வநாயகி அழைத்து வந்திருந்தாள். சுவரில் பெரிய வெள்ளைத் துணி கட்டி, ராஜமாணிக்கத்தின் மடிக்கணினியிலிருந்து படம் விழும்படி செய்திருந்தார்கள்.

"மொதல்ல நம்ம தளத்தை எல்லாரும் பாக்கணும்," என்றார் பழமலைநாதன். "தலைவரே, தேடுங்க. ஆங், அதான். தொடுங்க. இப்ப கொஞ்ச நேரம் அமைதியா இருங்க. நாதஸ்வரம் வரும்."

நாதஸ்வரம் வரவில்லை. தொட்ட கணத்தில் பக்கம் திறந்துவிட்டது. வெள்ளைப் பின்னணியில் ஒரு ஜாடி நின்றது. தோள் வரை பழுப்பு, கீழே பால் வெள்ளை. பக்கத்தில் கறுப்பு எழுத்தில் அளவு, விலை. கீழே பெரிதாக ஒரு பொத்தான், 'ஃபோனில் பேச இங்கே தொடவும்'. அவ்வளவுதான்.

"இது பின்கட்டு," என்றார் பழமலைநாதன். "வாசலுக்குப் போங்க."

"இதான்ணே வாசலு. வேற ஒண்ணும் காட்டலையே," என்றார் ராஜமாணிக்கம்.

"தங்கக் கதவு இருக்குமே?"

"எந்தக் கதவு?"

பழமலைநாதன் சட்டைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து, குட்டிக் கதவைத் தொட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நாற்பது பேரும் அந்த உள்ளங்கை அகலத் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். அரை நிமிஷம் ஆயிற்று. மெல்லிசாக நாதஸ்வரம் கேட்டது.

பின்வரிசையில் செல்வநாயகி எழுந்தாள். "அது உங்க ஃபோன்ல மட்டுந்தாங்க தெரியும். பொரட்டாசி மாசமே அதுக்குத் தனி அட்ரஸ் போட்டு எடுத்து வெச்சாச்சு. நீங்க எப்பப் பாத்தாலும் அப்படியே இருக்கணும்னு சொன்னீங்க இல்ல?"

கூட்டத்தில் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமலை அடக்கினார். சந்திரலேகா நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டாள்.

பழமலைநாதனின் காது சிவந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வெள்ளைத் துணியைப் பார்த்தார். ராஜமாணிக்கம் பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். ஜாடிக்குக் கீழே கேள்விகள் வந்தன. அஞ்சு கிலோ மாங்காய்க்கு எத்தனை லிட்டர் ஜாடி? புது ஜாடியை எப்படிக் கழுவுவது? வெளியே உப்பு பூப்பது ஏன்? ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் பதில் இருந்தது.

"மண் சரியா வேகலைன்னா உப்புத் தண்ணி கசிஞ்சு வெளியே வந்து காஞ்சுடும். எங்க சூளையில அதனாலதான் அவசரப்படறது இல்லை," என்று ராஜமாணிக்கம் உரக்கப் படித்தார். "அண்ணே, இது நீங்க பேசற மாதிரியே இருக்குதே."

பழமலைநாதன் படித்தார். ஒரு வார்த்தை மாறாமல் அவர் சாயங்காலங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஜாடியைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்ற இடத்தில், தட்டும் கையின் படம் ஒன்று இருந்தது. கண்டிஷன்படி முகம் இல்லை. கை மட்டும். அது அவர் கை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

பதினோரு பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். "தெரிஞ்ச மாதிரி ஆறு மாசம் பேசிக்கிட்டு இருந்தேன். ஜாடி தேடி வந்தவங்களை வாசல்ல நிக்க வெச்சு என் மூஞ்சியைக் காட்டினேன். அந்தப் பொண்ணு சந்திரலேகா மொதல் நாளே சொல்லுச்சு, கேக்கலை. வீராயி தொட்டுப் பாத்துட்டு கெடைக்கலைன்னு சொல்லுச்சு. அதோ உக்காந்திருக்குது. எங்க வூட்ல இவங்கதான் அதைக் கேட்டு, நான் வேண்டாம்னு சொன்னதை வெச்சே நல்லபடியா முடிச்சாங்க. இன்னிக்கு அஞ்சு பேரு எங்க ஷெட்டுல வேலை பாக்கறாங்க. உங்களுக்கும் வெப்சைட்டு வேணும்னா அந்தப் பொண்ணுகிட்ட போங்க. அது நாலு கட்டம் போட்டுக் காட்டும். அதை வாங்கிக்கிட்டு பேசாம வந்துடுங்க."

உட்கார்ந்துவிட்டார். கைத்தட்டல் நிறைய நேரம் இருந்தது. வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது ஜங்ஷன் ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்தார்.

"அந்தக் கதவுப் பக்கத்தை ஒருத்தருமே பாக்கறது இல்லையா செல்வி?"

"பாக்கறாங்களே. மாசம் நூத்தி இருபது தடவைக்குக் கொறையாம பாக்கறாங்கன்னு சந்திரலேகா சொல்லுச்சு."

அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "எந்த ஊர்ல இருந்து?"

"எல்லாம் ஒரே ஃபோன்ல இருந்துங்க."

கேட் திறந்தது. பழமலைநாதன் வண்டியை எடுத்தார். சிறிது தூரம் போனதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்பது அந்தக் கை வழியாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் நன்றிக்கடனாக எதையாவது செய்தாக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, செல்வநாயகியின் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மூணு மாசமா நீதான் எல்லார்கிட்டயும் பேசற. இன்னிக்கு நீ ஒக்காரு. வர்ற ஃபோனை எல்லாம் நான் பேசறேன்."

"வேண்டாங்க."

"ஜாடியைப் பத்தி என்னைவிட யாரு நல்லா சொல்லப் போறாங்க?"

செல்வநாயகி முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது. திண்டுக்கல்லில் இருந்து வாசுகி என்று ஒரு அம்மாள். பழமலைநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்ணில் ஆரம்பித்தார். சூளைக்கு வந்தார். உப்பு பூப்பதைச் சொன்னார், கழுவுவதைச் சொன்னார், தட்டிப் பார்ப்பதை ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியை வைத்துத் தட்டியே காட்டினார். இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த அம்மாள் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கிறவர்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று அவருக்கே நெகிழ்ச்சியாக இருந்தது.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா? தயங்காம கேளுங்க."

"ரொம்ப நல்லா சொன்னீங்கய்யா," என்றது மறுமுனை. "எல்லாம் உங்க பக்கத்துல நேத்தே படிச்சுட்டேன். ஃபோனை அம்மாகிட்ட குடுங்க, ஆர்டர் சொல்லணும்."